கேட்பதற்கு ஓர் ஆள்: இந்திய மனிதவள அலுவலர்களின் கூடல் மரபும் இணையக் குழுமங்களும்

முன்னுரை

தொழிற்சாலையில் ஃபிட்டருக்கு ஐயம் வந்தால் பக்கத்து மெஷினில் இன்னொரு ஃபிட்டர் இருப்பார். கணக்குப் பிரிவில் நாலு பேர் இருப்பார்கள். மனிதவள அலுவலரோ, சிறு, நடுத்தர நிறுவனங்களில் பெரும்பாலும் ஒற்றை ஆள். ஆள் எடுப்பது, பிரசவ விடுப்பைக் கணக்கிடுவது, குற்றச்சாட்டுக் குறிப்பாணை எழுதுவது, விபத்தில் அடிபட்டவரின் வீட்டாரிடம் பேசுவது எல்லாம் அவர் தலையில்தான். தமக்கு எழும் ஐயத்தை முதலாளியிடம் கேட்கத் தயக்கம். தொழிலாளியிடம் கேட்கவும் முடியாது. இந்தத் தனிமையை இத்துறையினர் எப்படிக் கடந்து வந்தார்கள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இணையக் குழுமங்கள் ஒரு பழைய கூடல் மரபின் தொடர்ச்சி என்பதும், யார் கேள்வி கேட்கலாம் என்ற எல்லையை அவை விரித்தன என்பதும் இதன் மையக் கருத்து.

சட்டம் உருவாக்கிய தனி ஆள்

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளுள் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. அவ்வளவு எளிய குறையையும் உள்ளே காதுகொடுத்துக் கேட்க ஆள் இல்லை. ஆலைகளில் வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் மேஸ்திரிகள் கையில் இருந்தது. கையூட்டும் அதனோடு சேர்ந்தே வந்தது. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த, தொழிலாளர் நிலை குறித்த விட்லி ஆணையம், இதற்கு மாற்றாகத் தொழிலாளர் அலுவலர்களை அமர்த்தப் பரிந்துரைத்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 49ஆம் பிரிவில், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது.

அந்தப் பதவி பிறப்பிலேயே இருமுகம் கொண்டது. சம்பளம் தருவது நிர்வாகம். ஆனால் தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் அவர் வழக்காடக் கூடாது என்று பல மாநில விதிகள் தடுத்தன. இரு தரப்புக்கும் நடுவில் நிற்பவருக்கு, அதே இடத்தில் நிற்கும் இன்னொருவர்தான் துணையாக முடியும்.

மாலைக் கூட்டங்களின் காலம்

அந்தத் துணையை முதலில் தந்தவை கல்வி நிலையங்களும் தொழில்முறைக் கழகங்களும். 1936இல் பம்பாயில் டாட்டா சமூகப்பணிப் பள்ளியும், 1949இல் ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யும், 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளியும் தொடங்கின. ஒரே வகுப்பில் படித்தவர்கள் பிறகு வெவ்வேறு ஆலைகளில் அமர்ந்தாலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள முடிந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் தனித்தனியே இயங்கிய இரண்டு கழகங்கள் 1980இல் ஒன்றிணைந்து தேசியப் பணியாளர் மேலாண்மைக் கழகம் ஆயின.

இதற்கிடையே துறையின் பார்வையும் மாறியது. 1970களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்காக உதய் பாரீக்கும் டி.வி. ராவும் செய்த ஆய்வு, பணியாளரின் வளர்ச்சிக்கென்று தனி அமைப்பு வேண்டும் என்றது. 1985இல் தேசிய மனிதவள மேம்பாட்டு வலையமைப்பு உருவானது. இக்கழகங்களின் கிளைக் கூட்டங்களில் மேடைப் பேச்சுக்கு ஈடாகப் பயன்பட்டது, பேச்சு முடிந்தபின் தேநீர்க் கோப்பையோடு நின்று கேட்ட கேள்வி. ஆனால் அந்தத் தேநீர் எல்லோருக்கும் எட்டவில்லை. கூட்டம் நடந்த ஊரில் இருக்க வேண்டும், சந்தா கட்ட வேண்டும், மாலையில் கிளம்ப அனுமதி கிடைக்க வேண்டும். ஓசூரிலோ ராணிப்பேட்டையிலோ சிறு ஆலையில் தனியாளாக இருந்தவருக்கு மூன்றும் அமைவது அரிது.

திரைக்கு வந்த கேள்வி

1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை திறந்தது. மின்னஞ்சல் குழுக்கள், கேள்வி-பதில் தளங்கள், 2003இல் வந்த லிங்க்ட்இன், பின்னர் வாட்ஸ்அப் என்று கூடும் இடங்கள் பெருகின. இவற்றின் மதிப்பை ஒரு நிகழ்வில் அருகிருந்து காணலாம்.

2016 பிறந்தபோது போனஸ் சட்டத் திருத்தம் அரசிதழில் வெளிவந்தது. தகுதிக்கான சம்பள வரம்பு 10,000 ரூபாயிலிருந்து 21,000 ஆனது. கணக்கீட்டு வரம்பு 3,500இலிருந்து 7,000 அல்லது குறைந்தபட்ச ஊதியம், இவற்றில் எது அதிகமோ அது என்று ஆனது. திருத்தமோ 2014 ஏப்ரல் 1 முதலே செல்லும். மாதம் 12,000 வாங்கிய ஒருவர் பழைய கணக்கில் தகுதியற்றவர். புதிய கணக்கில், 8.33 விழுக்காடு என்ற குறைந்தபட்ச போனஸ் விகிதத்திலேயே ஆண்டுக்குக் குறைந்தது ஏறக்குறைய 7,000 ரூபாய் அவருக்கு உரியது. கடந்த தீபாவளிக்கே போனஸ் கொடுத்துக் கணக்கை முடித்த அலுவலர் என்ன செய்வார்? வேலையை விட்டுப் போனவர்களை எப்படித் தேடுவார்? சில உயர் நீதிமன்றங்கள் முன்தேதி நடைமுறைக்கு இடைக்காலத் தடை விதித்தபோது, தம் மாநிலத்துக்கு அது பொருந்துமா என்று யாரைக் கேட்பார்? இத்தகைய கேள்விக்கு அரசிதழில் விடை இராது. அதே வாரம் அதே கணக்கோடு மல்லுக்கட்டும் இன்னொருவரிடம் இருக்கலாம்.

2020இல் இது இன்னும் கூர்மையானது. ஊரடங்குக் காலத்துக்கும் முழு ஊதியம் தருமாறு மார்ச் 29 அன்று வந்த உத்தரவு மே மாதத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. மே முதல் ஜூலை வரை வருங்கால வைப்பு நிதிப் பங்களிப்பு 12இலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தது. கூட்டம் கூடவே வழியில்லாத அந்த மாதங்களில், தேநீர் வேளைக் கேள்விக்குத் திரை ஒன்றே இடம் தந்தது.

தொழிலறிவு இப்படித்தான் கைமாறுகிறது என்பதை மானிடவியலாளர் ஜூலியன் ஓர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரப் பழுதுநீக்குநர்களிடம் செய்த ஆய்வில் காட்டினார். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் உணவு வேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளால் தீர்த்தார்கள். மனிதவள அலுவலரின் கோளாறுகளும் கையேட்டுக்கு வெளியேதான் வருகின்றன.

விடையின் எல்லை

ஆனால் இரவல் விடை ஆபத்தும் ஆகலாம். தற்காலிக நீக்கத்தில் இருப்பவருக்கான பிழைப்பூதியத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய நிலையாணைகள் சட்டம் முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியமும் அதன்பின் 75 விழுக்காடும் என்றது. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டமோ 180 நாள் தாண்டினால் முழு ஊதியம் என்றது. வேறு மாநிலத்து நண்பர் நல்லெண்ணத்தோடு அனுப்பிய படிவத்தை இங்குள்ளவர் அப்படியே நிரப்பியிருந்தால், 181ஆம் நாளிலிருந்து ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டிய கால்பங்கு ஊதியம் கைநழுவியிருக்கும்.

இன்னொரு எல்லை இரகசியம். பாலியல் தொல்லைப் புகாரின் விவரத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டம் வெளியிடத் தடுக்கிறது. பெயரை மறைத்தாலும் ஊர், பிரிவு, பதவி மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். மூன்றாவது, நினைவு. யாஹூ குழுக்கள் மூடப்பட்டபோது பல துறைகளின் பல்லாண்டு உரையாடல்கள் மறைந்தன. கழகங்களின் அச்சிட்ட மலர்கள் நூலக அலமாரியிலாவது மிஞ்சின.

முடிவுரை

மேஸ்திரியின் இடத்தில் அமர்த்தப்பட்ட தனி ஆளுக்கு வகுப்பறை நட்பும், கழகக் கூட்டமும், இணையக் குழுமமும் அடுத்தடுத்துத் துணை தந்தன. ஒவ்வொரு படியிலும் கேள்வி கேட்க உரிமை பெற்றவர் வட்டம் பெருகியது. ஆனால் கழகக் கூட்டத்தில் இருந்த ஒன்று திரையில் எளிதில் நழுவுகிறது: போன மாதம் ஐயம் கேட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வந்து, “அந்த விஷயம் இப்படி முடிந்தது” என்று சொல்வது. விடை தருபவர் எந்த மாநிலம், எந்தச் சட்டப்பிரிவு என்று சேர்த்துச் சொல்வதும், கேட்டவர் திரும்பி வந்து முடிவைச் சொல்வதும் குழும வழக்கமாக வேண்டும். அந்த அறிவின் பலன், குழுமத்தின் பெயரைக்கூடக் கேட்டறியாத ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டில் சரியான தொகையாகப் போய்ச் சேருகிறது.