லஸ்: ஒரு கோயிலின் பெயர் பேட்டையின் பெயரான கதை

சென்னைக்காரர்கள் யோசிக்காமலே சொல்லும் பெயர்களில் மயிலாப்பூரின் ‘லஸ்’ ஒன்று. லஸ் கார்னரில் இறங்குவார்கள். லஸ் சர்ச் சாலையில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடை போவார்கள். கபாலீசுவரர் கோயிலையும் சாந்தோம் பேராலயத்தையும் பார்க்க வெளியூரிலிருந்து வருபவர்களும் லஸ்ஸைத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் இந்தப் பெயரைத் தந்த மாதா கோயில் அங்கேயே, சில நிமிட நடையில் இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. கோயிலைவிட அதன் பெயர் நெடுந்தூரம் போய்விட்டது.

அக்கோயிலின் முழுப்பெயர் ‘நோஸா சென்யோரா த லூஸ்’. ‘ஒளியின் அன்னை’ என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் பிரகாச மாதா என்பர். பிரான்சிஸ்கன் சபைத் துறவி பெத்ரோ என்பவர் 1516-இல் அதைக் கட்டியதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அந்த ஆண்டை எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்பதில்லை. ஆனாலும், இது ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் காலூன்றுவதற்கு முந்தைய போர்த்துகீசியர் காலத்துக் கோயில் என்பது உறுதி. கடலில் திசை தவறிய மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்தொடர்ந்து வந்தார்கள். ஒளி மறைந்த இடத்தில் கோயில் எழுப்பினார்கள் என்பது செவிவழிக் கதை. இந்தத் திருப்பெயர் மயிலாப்பூரில் பிறந்ததல்ல. லிஸ்பனின் கார்னிதே பகுதியில் இதே பெயருடைய பழைய தேவாலயம் இருக்கிறது. போர்த்துகீசியர் தங்கள் ஊர் மாதாவின் பெயரை இங்கே சூட்டியிருக்கலாம்.

இனி சொல்லைப் பார்ப்போம். போர்த்துகீசிய ‘லூஸ்’ இலத்தீன் ‘லுக்ஸ்’ என்பதன் வழிவந்தது. வெளிச்சத்தை அளக்கும் ‘லக்ஸ்’ அலகும், நம் வீட்டுப் பெண்களுக்கு இட்ட லூசியா, லூசி என்னும் பெயர்களும் அதே வேரின் கிளைகள். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ஒளிர்தலைக் குறித்த அந்த வேர் வடமொழியில் ‘ருச்’ என்று நின்றது. அதிலிருந்து பிறந்த ‘ருசி’க்கு முதலில் ஒளி, பொலிவு என்று பொருள், பிறகு விருப்பம் என்றாகி, நம் அடுக்களைக்கு வரும்போது சுவையாகிவிட்டது. லஸ்ஸும் ருசியும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

போர்த்துகீசிய ‘லூஸ்’ தமிழில் ‘லஸ்’ ஆனது எப்படி? அதே அமைப்புள்ள இன்னொரு போர்த்துகீசியச் சொல் இதற்கு விடை தருகிறது. ‘க்ரூஸ்’ என்றால் சிலுவை. தமிழ்க் கடற்கரை மக்கள் அதைக் காதால் கேட்டு வாங்கிக் ‘குருசு’ என்றார்கள். குருசடி என்ற சொல் இன்றும் வழக்கில் உள்ளது. அங்கே மூலத்தின் உகரம் சிதையவில்லை. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி போன்றவையும் அப்படிக் காதுவழி வந்து நம் சொற்களாகவே ஆகிவிட்டவை. ‘லூஸ்’ அப்படி வந்திருந்தால் அதிலும் உகரம் நின்றிருக்கும். நின்றது அகரம், ஆங்கிலத்தின் வழி நாம் பெற்ற ‘பஸ்’ஸில் உள்ள அதே அகரம். ஆகவே போர்த்துகீசியர் எழுதிய பெயரை ஆங்கில முறையில் படித்ததால் பிறந்த வடிவமே ‘லஸ்’ என்பது என் முடிவு. பெயரை வைத்தவர்கள் போர்த்துகீசியர்; அதற்கு இன்றைய ஒலியைத் தந்தது ஆங்கில ஆட்சிக்காலம்.

அப்படியானால் உள்ளூர் மக்கள் கோயிலை என்னவென்று அழைத்தார்கள்? ‘காட்டுக்கோயில்’ என்றார்கள். அன்று அந்த இடத்தைச் சுற்றிக் காடு இருந்தது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. ஒளி என்பது வந்தவர்கள் தங்கள் நம்பிக்கையிலிருந்து இட்ட பெயர். காடு என்பது இருந்தவர்கள் கண்ணால் கண்டு வைத்த பெயர். இரண்டுக்கும் சொல் வரலாற்றில் ஓர் உறவும் உண்டு. இலத்தீனில் ‘லூக்குஸ்’ என்றால் புனிதச் சோலை. அதுவும் ‘லுக்ஸ்’ பிறந்த வேரிலிருந்தே வந்தது என்பர் மொழியியலாளர்; மரங்களுக்கு நடுவே வெளிச்சம் விழும் திறந்த இடம் என்பது அதன் பழம்பொருள். வடமொழி ‘லோக’மும் அதன் உறவே. காட்டுக்கோயில் என்ற சொல்லை வைத்த மயிலாப்பூர் மக்களுக்கு இலத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொருத்தம் தற்செயல்தான். என்றாலும் இரு பெயர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த இடத்தின் வரலாறு நிறைவு பெறுகிறது.

கோயிலின் பெயர் வட்டாரத்துக்கும் பரவுவது இந்தப் பெயருக்கு வேறு ஊர்களிலும் நேர்ந்திருக்கிறது. லிஸ்பனின் பென்ஃபிகா கால்பந்து அணியின் மைதானத்தை மக்கள் ‘லூஸ் மைதானம்’ என்கிறார்கள். கார்னிதே மாதா கோயிலால் அந்த வட்டாரம் பெற்ற பெயர் அது. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் உள்ள புகழ்பெற்ற லூஸ் ரயில் நிலையமும் அதே மாதாவின் பெயர்கொண்ட பேட்டையில்தான் நிற்கிறது. மூன்று கண்டங்களில் ஒரு மைதானமும், ஒரு ரயில் நிலையமும், ஒரு நாற்சந்தியும் ஒரே அன்னையின் பெயரைத் தாங்குகின்றன.

மயிலாப்பூரின் மற்றொரு போர்த்துகீசியப் பெயரான சாந்தோம், புனித தோமாவைக் குறிக்கும் ‘சாவ் தொமே’யின் திரிபு. அப்போஸ்தலரின் கல்லறையும் பேராலயமும் அங்கே இருப்பதால் அந்தப் பெயரின் பொருள் மறையவில்லை. லஸ்ஸின் பொருள்தான் மறைந்துபோனது. மாநகராட்சி ஒரு சிறு பலகையில் ‘லஸ் என்றால் ஒளி, இவ்விடத்தின் பழைய தமிழ்ப் பெயர் காட்டுக்கோயில்’ என்று எழுதி வைக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை லஸ் கார்னரில் இறங்கினால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குள் ஒருமுறை போய் வாருங்கள். இரண்டு பெயர்களின் பொருளையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.