வலஞ்சுழியா, இடஞ்சுழியா? வானியலில் கண்ணும் விரலும்

விண்மீன்களை வகைப்படுத்திய வரலாற்றைத் தொலைநோக்கிகளின் வரலாறாகவே எழுதிவிடுகிறோம். அதனுள் கையின் வரலாறும் அடங்கியிருக்கிறது. கண்டதைக் குறிக்கக் கை நகர்ந்தால் கண்ணும் உடன் நகரும். அந்த இழப்பைக் குறைக்கத் தலைமுறைதோறும் ஒரு வழி தேடப்பட்டது.

பழைய வானாய்வுக்கூடங்களில் காதே துணை நின்றது. கடிகார ஒலியை மனத்துள் எண்ணியவாறே, விண்மீன் தொலைநோக்கியின் இழையைக் கடக்கும் நொடியைக் கணிப்பர். சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், அன்றாட அளவீட்டுப் பணிக்கிடையே ஒரு விண்மீனின் ஒளி மாறுவதை 1867இல் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர்.

அடுத்த வழியை ஹார்வர்டில் காண்கிறோம். ஆனி ஜம்ப் கேனன் அம்மையார் கண்ணாடித் தகட்டில் பதிந்த நிறமாலையைப் பார்த்து, ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்னும் எழுத்துகளுள் ஒன்றைச் சொல்வார், உதவியாளர் எழுதிக்கொள்வார். 1911 முதல் 1915 வரை இவ்வாறு அவர் வகைப்படுத்திய விண்மீன்களே 225,300 விண்மீன்கள் கொண்ட ஹென்றி டிரேப்பர் பட்டியலாயின. ஒரு விண்மீனுக்கு ஓர் எழுத்து என்பதைவிடச் சுருக்கமான குறுக்குவழி ஏது!

2007 ஜூலையில் 'கேலக்சி சூ' திட்டம் ஏறத்தாழ 900,000 விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தது. நீள்வட்டமா, சுருளா? சுருளெனில் வலஞ்சுழியா, இடஞ்சுழியா? திரையிலுள்ள பொத்தானை அழுத்தி விடை தர வேண்டும். ஓராண்டில் 150,000க்கும் மேற்பட்டோர் 50 மில்லியனுக்கும் மேற்பட்ட விடைகளைத் தந்தனர்.

விடைகளில் இடஞ்சுழி மிகுந்திருந்தது. பேரண்டமே ஒருபுறம் சுழல்கிறதோ என்ற ஐயம் எழும் அளவுக்குப் பெரிய செய்தி அது. ஆய்வாளர் அவசரப்படவில்லை. ஒரு பகுதிப் படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிக் காட்டினர். மண்டலங்கள் உண்மையிலேயே ஒருபுறம் சாய்ந்திருந்தால், இப்போது வலஞ்சுழி மிகுந்திருக்க வேண்டும். அப்போதும் இடஞ்சுழியே மிகுந்தது! சாய்வு வானில் இல்லை. பார்ப்பவரிடமோ பொத்தான்களின் அமைப்பிலோ இருந்தது. என் கணிப்பில், அத்திட்டம் நமக்குத் தந்த பாடங்களுள் இதுவே தலையாயது.

இன்று இத்தகைய படப் பணிகளில் சுட்டியை நகர்த்தாமல் விசைப்பலகையாலேயே விடை தரும் வசதி பெருகிவருகிறது. கண் படத்தை விட்டு அகலாதிருப்பது கேனன் அம்மையாரின் முறைக்கு நெருக்கமானது, விரைவும் கூடும். ஆனால் ஒரே விசையை இருபது முறை அழுத்திய விரல், இருபத்தோராம் படத்தைக் கண் காணுமுன்னரே அழுத்திவிடக்கூடும். அதனாலேயே ஒரு படத்தைப் பலரிடம் காட்டி, விடைகளை ஒப்பிடுகின்றனர்.

குளுவாங்கில் ஒரு பள்ளியின் கணினி அறையிலும் இதனைச் செய்து பார்க்கலாம். முப்பது சுருள் மண்டலப் படங்களை மாணவர்க்குக் காட்டி, விசையால் விடை பெறுங்கள். மறுவாரம் அவற்றையே இடவலம் மாற்றிக் காட்டுங்கள், மாற்றியதைச் சொல்லாதீர்கள். பிறகு இரு வார விடைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, மாணவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.