சிறையிலிருந்து வென்ற காங்கிரஸ் உறுப்பினர்

அமெரிக்கக் காங்கிரஸின் ஆரம்பகால வரலாற்றில் மத்தியூ லயனின் பெயர் பெரும்பாலும் ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. 1798 ஜனவரியில், தம்மைக் கோழையென்று குத்திக்காட்டிய ரொஜர் கிறிஸ்வோல்ட் என்ற உறுப்பினரின் முகத்தில், பிரதிநிதிகள் சபையிலேயே லயன் காறி உமிழ்ந்தார். இரு வாரங்களின் பின்னர் கிறிஸ்வோல்ட் கைத்தடியால் தாக்க, லயன் கணப்படுப்பின் இடுக்கியைத் தூக்கினார். இச்செயலை நியாயப்படுத்துவது என் நோக்கமன்று. அவர் நினைக்கப்படவேண்டிய காரணம் வேறு.

அயர்லாந்தில் பிறந்த லயன், கப்பற் செலவுக்கு ஈடாக உழைத்துக் கழிக்கும் ஒப்பந்தத்தில் பதின்ம வயதிலேயே அமெரிக்கா வந்தவர். பின்னர் வெர்மொன்டில் ஃபெயர் ஹேவன் என்ற ஊரை நிறுவி, அங்கே இரும்பாலை, கடதாசி ஆலை, அச்சகம் என்பவற்றை நடத்தினார். 1797இல் காங்கிரஸுக்குள் நுழைந்தார்.

1798 ஜூலை 14இல் ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் அரசநிந்தனைச் சட்டத்தில் ஒப்பமிட்டார். ஜனாதிபதியையும் காங்கிரஸையும் இழித்து எழுதுவது குற்றமாயிற்று. உப ஜனாதிபதியைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அப்பதவியில் இருந்தவரோ எதிரணித் தலைவர் தோமஸ் ஜெபர்சன்! அடம்ஸ் அதிகார வேட்கையும் ஆடம்பர மோகமும் கொண்டவரெனச் சாடி லயன் எழுதிய கடிதம் ஜூலை இறுதியில் பத்திரிகையில் வெளியாயிற்று. சட்டம் பிறக்குமுன், ஜூன் மாதத்திலேயே எழுதப்பட்டது அக்கடிதம். நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒக்டோபரில் நான்கு மாதச் சிறையும் 1,000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அச்சட்டத்தின்கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர் அவரே.

வெர்ஜென்ஸ் நகரச் சிறையின் குளிரில் இருந்தபடியே லயன் தேர்தலில் நின்றார். டிசம்பரில் வாக்காளர்கள் அவரைப் பெரும் வித்தியாசத்தில் வெல்லவைத்தனர். சட்டம் வாயடைக்க முயன்ற மனிதருக்கு மக்கள் மீண்டும் சபையில் இடமளித்தனர்.

அந்த இடத்தின் பெறுமதி 1801 பெப்ரவரியில் தெரிந்தது. ஜனாதிபதித் தேர்தலில் ஜெபர்சனும் ஆரன் பேரும் தலா 73 வாக்குகள் பெற்றதால் முடிவு பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. வெர்மொன்டின் இரு உறுப்பினரும் எதிரெதிர் அணியினர். ஆகவே அதன் வாக்கு செல்லாமலே போயிற்று. 36ஆவது வாக்கெடுப்பில் மற்றவரான லூயிஸ் மொறிஸ் ஒதுங்கிக்கொள்ள, லயன் தனியொருவராக வெர்மொன்டின் வாக்கை ஜெபர்சனுக்கு அளித்தார். அவ்வாண்டு மார்ச்சில் அரசநிந்தனைச் சட்டமும் காலாவதியாயிற்று.

பின்னர் கென்டக்கியிலிருந்தும் காங்கிரஸுக்குத் தெரிவான லயன், 1822இல் ஆர்கன்சாவில் காலமானார். அபராதம் தொடர்பான 1,060 டொலர் 96 சதத்தை வட்டியுடன் அவரது வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுக்கக் காங்கிரஸ் தீர்மானித்தது 1840இல்.