ரம்மியில் டிராப்

பதின்மூன்று சீட்டு ரம்மியில், கைக்கு வந்த சீட்டுகள் தேறாது என்று கண்ட ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தை மட்டும் கைவிட்டுச் சிறிய நஷ்டத்தோடு ஒதுங்கிக்கொள்வது டிராப். சீட்டாட்ட வட்டாரங்களில் இதை ஸ்கூட் என்றும் சொல்வார்கள். மூணு சீட்டில் பேக் செய்வதும், போக்கரில் ஃபோல்டு செய்வதும் இதே வகை முடிவுகள்தான்.

பாயிண்ட் ரம்மியில் முதல் சீட்டு எடுக்கும் முன்பே ஒதுங்கினால் 20 புள்ளி போகும். ஒரு சீட்டாவது எடுத்த பிறகு ஒதுங்கினால், அதாவது மிடில் டிராப் செய்தால், 40. கடைசிவரை ஆடித் தோற்றால் கையில் சேராமல் நிற்கும் சீட்டுகளின் மொத்தப் புள்ளி, அதாவது கவுண்ட். அது எவ்வளவு இருந்தாலும் 80-க்கு மேல் போகாது. ஜோக்கர் கலக்காத ஒரு சீக்வென்ஸ் சேராதவரை கையிலுள்ள அத்தனை சீட்டும் கவுண்டில் ஏறும், சேர்த்து வைத்த செட் உட்பட. அதனால் அனுபவசாலிகள் சீட்டை விரித்ததும் முதலில் ஜோக்கரைத் தேடுவதில்லை. ஒரே ஜாதியில் அடுத்தடுத்த சீட்டுகள் இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். இஸ்பேட் ராஜா, 9, 4. ஆர்டின் ராணி, 8, 5, 2. டைமன் ஏஸ், 10, 6. கிளாவர் ஜாக்கி, 7, 4. வெட்டிய ஜோக்கர் 3. கூட்டினால் 95, தோற்றால் 80 கட்ட வேண்டும். எந்த ஜாதியிலும் இரண்டு சீட்டு ஒட்டவில்லை, ஜோக்கரும் இல்லை. இதை வைத்துக்கொண்டு யோசிக்கவே கூடாது. இதே கையில் இஸ்பேட் ராஜாவுக்குப் பதில் இஸ்பேட் 8-ம், கிளாவர் 7-க்குப் பதில் ஒரு 3-ம் வந்திருந்தால் கதை வேறு. இஸ்பேட் 8, 9-க்கு இஸ்பேட் 7 அல்லது 10 வந்தால் போதும். இரண்டு கட்டில் அப்படி நான்கு சீட்டுகள் உண்டு. ஜோக்கரும் கையில் இருக்கிறது. ஆறு பேர் ஆட்டமாக இருந்தால் பலர் இதை ஆடிப் பார்ப்பார்கள்.

ஆள் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். தோற்றால் சராசரியாக 60 புள்ளி போகும், ஜெயித்தால் எதிரே உள்ள ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரி 30 வரும் என்று வைத்துக்கொள்வோம். இருவர் ஆட்டத்தில் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 44 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் 20 கட்டி ஒதுங்குவதைவிட ஆடுவது மேல். ஆறு பேர் ஆட்டத்தில் ஜெயித்தால் 150 வரும் என்பதால் 19 சதவீதமே போதும். ஆனால் ஆறு பேரில் ஒருவர் ஜெயிக்கும் சராசரி வாய்ப்பே 17-க்குள்தான். சுமாரான கை அங்கேயும் தேறாது என்பதைத்தான் ஆசை மறைத்துவிடுகிறது.

மிடில் டிராப்பின் கணக்கு பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. ஒரு சீட்டு எடுத்தபின் ஒதுங்க 40 கட்ட வேண்டும் என்பதால், மேலே சொன்ன அதே ஆறு பேர் ஆட்டத்தில் 10 சதவீத வாய்ப்பு இருந்தாலே தொடர்ந்து ஆடுவது லாபம். ஆகவே இரண்டு சுற்று பார்த்துவிட்டு ஒதுங்கலாம் என்று நுழைவதுதான் விலை கூடிய பழக்கம். முடிவை முதல் பார்வையிலேயே எடுத்துவிட வேண்டும்.

101 பூல் ஆட்டத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. 81 புள்ளியைத் தொட்டவர் டிராப் செய்தால் 101 ஆகி வெளியேறிவிடுவார். எனவே எவ்வளவு மோசமான கையானாலும் ஆடியே தீர வேண்டும். இதைக் கவனிக்கும் மற்றவர்கள், அவர் ஆடுவதால் அவருடைய கை நல்ல கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேசினோக்களின் கரீபியன் ஸ்டட் போக்கரில் இந்த முடிவு ஏறக்குறைய ஒரு சிறிய அட்டவணையில் அடங்கிவிடுகிறது. ஐந்து சீட்டும் டீலரின் ஒரு சீட்டும் தெரியும். மடக்கினால் வைத்த பந்தயம் போகும், ரெய்ஸ் செய்தால் அதைப் போல் இரு மடங்கு கூடுதலாக வைக்க வேண்டும். டீலரிடம் ஏஸ்-ராஜாவாவது இல்லையென்றால் ரெய்ஸ் தொகை திரும்பிவிடும். ஒரு ஜோடியாவது இருந்தால் ரெய்ஸ், ஏஸ்-ராஜாவுக்குக் கீழே என்றால் ஃபோல்டு. இடைப்பட்ட கைகளில் மட்டும் டீலரின் திறந்த சீட்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அவற்றில் ரெய்ஸ் செய்வதும் சராசரியில் நஷ்டமே; மடக்குவதைவிடக் குறைந்த நஷ்டம், அவ்வளவுதான். இவ்வளவும் பிசகாமல் ஆடினாலும் முதல் பந்தயத்தில் சுமார் 5.2 சதவீதம் கேசினோவுக்கு மிஞ்சும். எதிரே இருக்கும் டீலர் எதையும் தீர்மானிப்பதில்லை. ரம்மியிலோ எதிராளி எதைப் போட்டார், எதை எடுத்தார் என்பதை நினைவில் வைத்தே ஆட வேண்டியிருக்கிறது.

ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில், சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டும் என்ற இதே அடிப்படையில்தான் ரம்மியைத் திறன் சார்ந்த ஆட்டம் என்றது; மூணு சீட்டை அதிர்ஷ்டத்தின் பக்கம் வைத்தது. தமிழ்நாடு அரசின் 2022 சட்டம் ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது; 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆன்லைனில் ஆடத் தடை விதித்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் வைக்கும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது.

நேருக்கு நேர் ஆடும் சீட்டாட்டத்துக்கு சென்னை மாநகரத்தில் 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டமும், வாலாஜாபாத் போன்ற ஊர்களில் 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டமும் பொருந்தும். பிந்தையது வெறும் திறன் ஆட்டங்களுக்கு விலக்களிக்கிறது. ஆனால் 1967 தீர்ப்பின்படி, ரம்மியே ஆனாலும் இடம் கொடுப்பவர் ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம். கிளப் வாங்கும் நியாயமான சீட்டுக் கட்டணம் அதில் சேராது.