கிரேனைப் பார்க்க வந்தவர்கள்

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் 1977-ல் ஒரு பயிற்சி மையம் பிறந்தது. மாணவர்கள் பெரும்பாலும் வளரும் நாடுகளின் துறைமுக அதிகாரிகள். வகுப்பறையில் பாடம், பிறகு தளத்துக்கே போய் நேரில் பார்வை. நாடுகள் இப்படி அதிகாரிகளை அனுப்பியதற்கு ஒரு இரும்புப் பெட்டிதான் காரணம்.

1956 ஏப்ரலில் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் 58 கன்டெய்னர்களை நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கப்பலேற்றினார். பத்தே ஆண்டில் அந்தப் பெட்டி அட்லாண்டிக்கைத் தாண்டி ராட்டர்டாமில் இறங்கியது. மூட்டை தூக்கிப் பழகிய துறைமுகங்கள் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

ஆண்ட்வெர்ப்புக்குப் பயிற்சிக்கு வந்தவர்களின் கண் முதலில் கிரேனில்தான் நிற்கும். கடன் கிடைத்தால் கிரேனை எந்த நாடும் வாங்கிவிடலாம். ஆண்ட்வெர்ப்பின் உண்மையான பாடம் ஆற்றில் இருக்கிறது. துறைமுகம் கடலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே. ஸ்கெல்ட் ஆற்றின் முகத்துவாரமோ நெதர்லாந்து மண்ணில். கப்பல்களிடம் அந்த நாடு வசூலித்த சுங்கத்தை 1863-ல் பெல்ஜியம் பணம் கொடுத்தே ஒழித்தது. இன்றும் அங்கே ஆற்றை ஆழப்படுத்த அண்டை நாட்டின் சம்மதம் வேண்டும். எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாத நிர்வாகப் பாடம் இது.

அடுத்தது பூட்டுவாய்கள், அதாவது நீர்மட்டம் சமமாகும்வரை கப்பல்கள் காத்திருந்து கடக்கும் மதகுகள். 1989-ல் திறந்த பெரென்ட்ரெக்ட் பூட்டுவாய் 500 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அன்று உலகிலேயே பெரியது. ஆனால் கன்டெய்னர் கப்பல் நேரத்தை எண்ணுகிற கப்பல். மதகுக்குள் காத்துக் கிடக்க அதற்குப் பொறுமையில்லை. அதனால் 2005-ல் இடது கரையில் டோர்கான்க் கப்பல்துறை பூட்டுவாயே இல்லாமல் திறக்கப்பட்டது. பக்கத்து டூல் கிராமம் விரிவாக்கத் திட்டங்களால் ஏறக்குறைய காலியானது. வருகிறவர்கள் அதையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

தொழிலாளர் விஷயமும் உண்டு. ‘மேஜர் சட்டம்’ எனப்படும் 1972-ன் சட்டப்படி, அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டுமே பெல்ஜியத் துறைமுகங்களில் சரக்கைக் கையாளலாம். இதையெல்லாம் பெட்டியில் கட்டி ஊருக்கு எடுத்துப்போக முடியாது.

சிங்கப்பூரின் கதை வேறு. அதே 1972-ல், ஜூன் 23 அன்று, ராட்டர்டாமிலிருந்து 300 கன்டெய்னர்களுடன் 'நிஹோன்' கப்பல் தஞ்சோங் பாகார் முனையத்துக்கு வந்து சேர்ந்தது. 1990-ல் சிங்கப்பூர் உலகின் மிகப் பரபரப்பான கன்டெய்னர் துறைமுகம். 1992 முதல் சிங்கப்பூர் அரசும் பிற நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சித் திட்டம் நடத்துகிறது. சிங்கப்பூரின் துறைமுக நிறுவனமான பிஎஸ்ஏ வெளிநாடுகளில் முனையங்களை நடத்தவும் இறங்கியது. 1999-ல் தூத்துக்குடியில் சிகால் நிறுவனத்தோடு கூட்டாக ஒன்றைத் தொடங்கியது.

2002-ல் பிஎஸ்ஏ ஆண்ட்வெர்ப்புக்கே போய், ஹெஸ்ஸே-நோர்ட் நாட்டி என்ற முனைய நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. டோர்கான்க் கப்பல்துறையில் இன்று முனையம் நடத்துவோரில் அந்தச் சிங்கப்பூர் நிறுவனமும் உண்டு.