பூசை பூனையான வழி

தென்காசியில் பஸ் ஏறி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுக் கணவாயில் இறங்கினால் பூனைக்குப் பெயர் மாறிவிடுகிறது. அங்கே அது பூச்ச. நாயைப் பட்டி என்பார்கள். சாரல் சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வரும் மலையாளிகள், 'கோவில்பட்டி' என்று எழுதிய பஸ்ஸைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டால் கோபப்பட வேண்டியதில்லை. பட்டிக்கு நாய் என்ற பொருள் தமிழ் அகராதியிலும் உண்டு. நாம்தான் ஆட்டுப்பட்டியையும் ஊரையும் வைத்துக்கொண்டு நாயைக் கைவிட்டோம்.

பூச்சயின் கதை இதைவிட ருசியானது. அது நம்முடைய பழைய 'பூசை'தான். துளுவிலும் குடகு மொழியிலும்கூட அதன் உடன்பிறப்புகள் இருக்கின்றன. தொல்காப்பிய மரபியலில் ஒரு நூற்பா, ஊர்வழக்கில் வந்துவிட்ட சில சொற்களைத் தள்ள வேண்டாம் என்று அனுமதி கொடுக்கிறது. வெருகைப் பூசை என்று சொல்வது அவற்றில் ஒன்று. ஆக, இலக்கணப்படி அந்த விலங்கின் பெயர் வெருகு. பூசை என்பது ஜனங்கள் வாயில் புழங்கிப் புழங்கி இலக்கணக்காரரை ஒத்துக்கொள்ள வைத்த சொல். 'பூஸ் பூஸ்' என்று கூப்பிடும் ஒலியிலிருந்தே அது பிறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்பர் அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புகுந்த பூனைக்கு ஒப்பிடுகிறார். அங்கே அவர் எடுத்தாளும் சொல் பூசைதான். அந்தக் கம்பரிலேயே தோய்ந்து கிடந்த ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் கழித்தது குற்றாலத்தில். (வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சரியாகச் செரிப்பதில்லை என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். கம்பரின் பூசை கரையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்.)

பிறகு ஏன் பூசை நம் வாயிலிருந்து போயிற்று? என் ஊகம் இது. வழிபாட்டுக்கும் தமிழில் பூசை என்றே எழுதுகிறோம். குற்றாலநாதர் கோயிலில் சாயங்காலப் பூசை என்றால் பூனையின் நினைப்பு வரக்கூடாதல்லவா? மலையாளத்தில் பூஜ வேறு, பூச்ச வேறு. அங்கே இடைஞ்சல் இல்லை. இங்கே பூசையோடு பூஞை என்றும் ஒரு வடிவம் இருந்தது, பூனையும் வந்தது. கடைசியில் பூனை நிலைத்தது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தபோதும் அங்குள்ள தமிழ் வீடுகளில் வளர்ந்தது பூனைதான்.

வெருகு வீட்டுக்குள் வந்த பாதையும் சங்கப் பாட்டுகளில் தெரிகிறது. புறநானூற்றில் அது வேலியோரம் பதுங்கிக் கோழியை மிரட்டுகிறது. குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, தன்னைத் துயிலெழுப்பிவிட்ட சேவலைச் சபிக்கிறாள்: நடுராத்திரியில் வீட்டெலிக்குக் காத்திருக்கும் வெருகுக் குட்டிக்கு நீ இரையாகிப் போ என்று. எலியைத் தொடர்ந்து வீட்டை எட்டிவிட்டது. ஆனால் யாரும் அழைத்து வரவில்லை. நாயின் நிலைமை வேறு. அகநானூற்றில் இரவில் காதலனைச் சந்திக்கத் தவிப்பவள் அடுக்கும் தடைகளில், தாயும் ஊர்க்காவலரும் தூங்கினாலும் தூங்காமல் குரைக்கும் ஞாளி ஒன்று வருகிறது, கூரிய பல்லும் வலப்பக்கம் சுருண்ட வாலுமாக. இன்றைக்கும் மேலகரத்துத் தெருவில் அந்த வாலைப் பார்க்கலாம். ஞாளியும் ஞமலியும் ஏட்டோடு நின்றுவிட்டன. நாய் மட்டும் அன்றும் நாய், இன்றும் நாய்.

குட்டிகளுக்கும் கணக்கு வைத்தார்கள். நாய்க்குக் குருளை, வெருகுக்குக் குட்டி. ஆனால் நாயின் பிள்ளையைக் குட்டி என்றாலும் தடையில்லை என்றும் தொல்காப்பியம் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சலுகைதான் இன்று சட்டமாகிவிட்டது. பெண் நாயைப் பாட்டி என்று சொல்லலாம் என்றும் இருக்கிறது; அதை வீட்டில் ஆச்சி காதில் விழும்படி சொல்லிப் பார்க்க வேண்டாம். கடுவன் என்பது அன்று ஆண் குரங்கு. குற்றாலத்தில் குரங்குக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் பெயர் பூனைக்குப் போய்விட்டது.

நாய்க்குத் திண்ணை, பூனைக்கு அடுப்படி என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. விறகடுப்பு இருந்த நாளில் விடியும் வரை சாம்பலில் சூடு இருக்கும். பூனை அதில் சுருண்டுகொள்ளும். சமைக்க வழியில்லாத வீட்டை 'அடுப்பில் பூனை தூங்குகிறது' என்பது அதனால்தான். காஸ் வந்தபின் அது இன்வெர்ட்டர் மேல் ஏறிவிட்டது. ஆடியில் கணவாய்க் காற்றும் சாரலும் சேர்ந்து திண்ணையை நனைக்கும்போது நாயும் நடைக்குள் வந்துவிடும். அப்போதுதான் உரசல். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் சிநேகம். பூனை வாலைச் சுழற்றி அடித்தால் எரிச்சல். நாய் விளையாடக் கூப்பிட்டு முன்னங்காலைத் தூக்கும், பூனைக்கு அது அறைய ஓங்கிய கை. கண் திறந்து சில வாரங்களுக்குள் ஒன்றாக விட்ட குட்டிகளுக்குள் இந்தக் குழப்பம் குறைவு. ஒரே சாக்கில் படுக்கும்.

தட்டு மட்டும் ஒன்றாகாது. மனிதனோடு இருந்து இருந்து நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு பெருகியதை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. பழைய சோறு அதற்கு ஒத்துக்கொள்ளும். பூனைக்கு டாரின் என்ற சத்து மீன், கறியிலிருந்தே கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். தயிர்சோறு தின்று வளரும் பூனை என்று பெருமைப்படும் வீடுகளில், அது ராத்திரியில் எங்கே போகிறது என்று பார்ப்பது நல்லது.

பெயரிலும் நாய்க்கு யோகம். மதுரை ரோட்டில் போனால் வரும் ராஜபாளையம் நாயாகி, 2005இல் தபால்தலையிலும் ஏறியது. சிப்பிப்பாறையும் அப்படியே ஊரும் நாயும். பூனைக்கு ஊர் கிடையாது, வெறும் நாட்டுப்பூனைதான்.

இரண்டு பெயரும் முட்டிக்கொள்வது மச்சில். குற்றாலத்துப் பழைய ஓட்டு வீடுகளில் இரவில் ஓடு புரளும். மரநாய் என்பார் ஒருவர். அதன் சின்ன உறவான இன்னொன்றைப் புனுகுப்பூனை என்பார். கணவாய்க்கு அந்தப்பக்கம் முதலாவது மரப்பட்டி, அதாவது மர'நாய்'. விலங்கியலில் இரண்டுமே பூனை வரிசைக்குத்தான் நெருக்கம். புனுகுப்பூனைக்கு மலையாளத்தில் பெயர் என்ன தெரியுமா? வெருகு.