ஈரல் கட்டி: விரலிலிருந்து ஸ்கேன் வரை

சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, சதைக்கட்டி, புற்றுக்கட்டி எல்லாவற்றுக்கும் தமிழில் பொதுச்சொல் கட்டி. அந்த ஒரு சொல்லுக்குள் கலந்திருந்த ஈரல் நோய்களை வைத்தியர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தறிய நெடுங்காலம் சென்றது.

1795இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றினர். 1957 வரை துறைமுகம் அவர்களின் கடற்படைத் தளமாக விளங்கியது. இப்படி வெப்ப நாடுகளுக்கு வந்த கப்பற்படையினரை வயிற்றுளைவும் அதையடுத்து வரும் ஈரல் சீழ்க்கட்டியும் வாட்டின. அன்றைய வைத்தியருக்குக் கையே கருவி. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது விலாவின் கீழ் விரல்களை ஊன்றி, மூச்சை இழுக்கச் சொல்வார். வீங்கிய ஈரல் இறங்கி வந்து விரலில் இடிக்கும். வீக்கம் இருப்பது தெரியும்; உள்ளே சீழா, சதையா என்பது தெரியாது. அதனால் எல்லோருக்கும் கலோமெல் என்ற பாதரச உப்பே மருந்து. ஈறு வீங்கி எச்சில் வடியும்வரை அதைக் கொடுத்தார்கள்.

1912இல் கல்கத்தாவில் லெனார்ட் ரொஜர்ஸ் என்ற வைத்தியர் எமட்டீன் என்ற மருந்தின் ஊசியைப் புகுத்தினார். அமீபாவால் வரும் சீழ்க்கட்டி அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது. தீங்கற்ற சதைக்கட்டிகளோ சத்திரசிகிச்சையிலோ பிரேத பரிசோதனையிலோதான் கண்ணில் பட்டன. ஸ்கேன் பரவிய பின்பே, வேறு நோய்க்காக வந்தவர்களிடம் அவை தற்செயலாகத் தென்படலாயின.

இவற்றில் மிகப் பரவலானது இரத்தக்குழாய்கள் திரண்ட ஹெமாஞ்சியோமா. தொல்லை தராவிட்டால் அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. ஊசி குத்தினால் இரத்தம் கசியக்கூடும் என்பதால் படத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறார்கள். அடுத்தது நடுவில் தழும்புடைய முடிச்சுக் கட்டி. அது புற்றாக மாறுவதில்லை. அடினோமா வேறு வகை. கருத்தடை மாத்திரைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1973இல் வெளிப்பட்டது. பெண்கள் மாத்திரையை நிறுத்தி ஆறு மாதத்தின் பின் மீண்டும் படம் எடுக்க வேண்டும். அப்போதும் 5 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் அகற்றுவதே வழக்கம். ஆண்களில் புற்றாகும் வாய்ப்புக் கூடுதல். ஆகவே அளவு பாராமல் அகற்றச் சொல்வார்கள்.

ஈரலில் கட்டி என்று அறிக்கையில் கண்டவர் முதலில் கேட்க வேண்டியது அது எந்த வகை என்பதையே. அதை அறியுமுன் அஞ்சுவதும் தவறு, அறியாமலே விட்டுவிடுவதும் தவறு.